வட்டுக்குள் வந்த கடல்: ‘விக்டரி அட் சீ’ தொடரின் வீட்டுப் பதிப்புகள்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 1952 அக்டோபர் முதல் 1953 மே வரை ஒளிபரப்பிய ‘விக்டரி அட் சீ’ என்ற 26 பகுதித் தொடர், இரண்டாம் உலகப் போரின் கடற்போர்களை, போர் நடந்தபோதே எடுக்கப்பட்ட படச்சுருள்களைக் கொண்டு சொல்ல முனைந்த பெருந்தொடர் ஆகும். பின்னாளில் அது வீடியோ கேசட்டாகவும், அதற்குப் பின் டிவிடியாகவும் பல நிறுவனங்களின் பெயரில் கடைக்கு வந்தது. இவ்வெளியீடுகளைப் பற்றி எழுதுவோர் படம் தெளிவாக இருக்கிறதா, விலை நியாயமானதா என்ற இரண்டு கேள்விகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். பழஞ்சுவடி ஒன்றை அச்சேற்றும் பதிப்பாசிரியரிடம் தமிழுலகம் கேட்டுப் பழகிய கேள்விகள் வேறு: எந்த மூலத்திலிருந்து படி எடுக்கப்பட்டது, எந்தப் பாடம் கொள்ளப்பட்டது, எது தள்ளப்பட்டது, இடைச்செருகல் எங்கே இருக்கிறது என்பவையே அவை. இக்கேள்விகளை ஒரு கடற்போர்த் தொடரின் வட்டு வெளியீட்டின் மீது வைத்துப் பார்க்கும்போது, படத்தெளிவு பற்றிய பேச்சு எவ்வளவு சிறியது என்பது தெரியவருகிறது.

தொடரை உருவாக்கியவர் ஹென்றி சாலமன். போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றிய அவர், ஹார்வர்டு பல்கலைக்கழக வரலாற்றறிஞர் சாமுவேல் எலியட் மாரிசன் 15 தொகுதிகளாக எழுதிய அமெரிக்கக் கடற்படைப் போர் வரலாற்றுக்கு உதவியாளராக இருந்தவர். அப்பணியின்போதே, நேச நாடுகளும் எதிரி நாடுகளும் எடுத்துக் குவித்த படச்சுருள்கள் கிடங்குகளில் கிடப்பதைக் கண்டுகொண்டவர். என்.பி.சி.யில் பொறுப்பில் இருந்த தம் கல்லூரித் தோழர் ராபர்ட் சார்னாஃபிடம் அவற்றைத் தொலைக்காட்சித் தொடராக்கும் எண்ணத்தை அவர் சொல்ல, கடற்படை ஒத்துழைக்க, ஏறத்தாழ 5 லட்சம் டாலர் செலவில் வேலை தொடங்கியது. பத்து நாடுகளின் காப்பகங்களிலிருந்து 6 கோடி அடிப் படச்சுருள் திரட்டப்பட்டு, அதிலிருந்து 61,000 அடி மட்டும் தொடரில் சேர்ந்ததாக அன்றே அறிவிக்கப்பட்டது. விளம்பரத்துக்காகச் சொல்லப்பட்ட எண் என்று ஒதுக்கிவிட முடியாதபடி கணக்கு ஒத்துப்போகிறது: 35 மில்லிமீட்டர் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும்; 61,000 அடியை அவ்வாறு வகுத்து 26 பகுதிகளுக்குப் பங்கிட்டால் பகுதிக்குச் சரியாக 26 நிமிடம் வருகிறது. திரட்டிய 6 கோடி அடியையும் இரவு பகல் பாராமல் திரையில் ஓட்டினால் 460 நாள்களுக்கு மேல் ஆகும். ஆயிரம் அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் பொறுக்கி எடுக்கப்பட்ட இத்தொகுப்பில் சாலமனும் படத்தொகுப்பாளர் ஐசக் கிளைனர்மேனும் செய்தது, கிடைத்ததைக் கோத்த வேலை அன்று. கிடைத்ததில் பெரும்பகுதியைத் தள்ளிய வேலை. தள்ளப்பட்ட 999 அடியில் என்ன இருந்தது என்பதை எந்த வட்டும் சொல்வதில்லை.

பொறுக்கி எடுத்த அந்த ஓர் அடிக்கும் குரல் கிடையாது. போர்ப் படப்பிடிப்பாளர்கள் பரவலாகக் கையாண்ட ஐமோ என்ற கேமரா, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் திருகிவிட்டால் சுருள்வில்லின் விசையில் ஓடுவது. ஒருமுறை ஏற்றும் 100 அடிச் சுருள் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும். ஒலி பதியும் வசதி அதில் கிடையாது. ஆகவே தொடரில் கேட்கும் பீரங்கி முழக்கம், விமானத்தின் சீற்றம், கப்பலின் பக்கவாட்டில் அலை அறையும் ஓசை யாவும் படத்தொகுப்பு மேசைக்கு வந்த பின் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு மேல் லெனார்டு கிரேவ்ஸின் வருணனைக் குரல். அதற்கும் மேலாக, சில இடங்களில் குரலை முழுவதுமாக ஒதுக்கிவிட்டுத் தானே கதை சொல்லும் இசை. ஊமைச் சுருளுக்கு இவ்வளவு ஒலியைப் போர்த்தியதால்தான் வெவ்வேறு கடல்களில், வெவ்வேறு ஆண்டுகளில், பகைநாட்டார் கையிலிருந்த கேமராவும் உட்பட எடுத்த துண்டுகள் ஒரே போரின் தொடர்ச்சியான காட்சிபோல் தோன்றின.

இசையமைப்பாளராகப் பெயர் பெற்றவர் ரிச்சர்டு ராஜர்ஸ். அதே பசிபிக் போரைக் களமாகக் கொண்ட ‘சவுத் பசிபிக்’ என்ற இசை நாடகத்தின் வழியாக 1949-இல் பெரும்புகழ் எய்தியிருந்த அவர், இத்தொடருக்கு அளித்தவை ஓரிரு நிமிடமே நீளும் 12 மெட்டுகள், அதுவும் பியானோவுக்கான குறிப்புகளாக. அவற்றை விரித்தும் மாற்றியும், இடையிடையே தாமே புதிதாக எழுதியும், 26 பகுதிகளுக்குமான வாத்திய இசையாக ஆக்கி, என்.பி.சி. சிம்பொனி இசைக்குழுவை நடத்தியவர் ராபர்ட் ரசல் பென்னட். பெயர்ப்பட்டியலில் இருவருக்கும் உரிய இடம் இருந்தாலும், உறையில் கொட்டை எழுத்தில் நிற்பது ராஜர்ஸின் பெயரே; உழைப்பின் அளவைப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். தென் அட்லாண்டிக்கைப் பற்றிய 10-வது பகுதிக்கான டாங்கோ நடன மெட்டு, மறு ஆண்டே ‘மி அண்டு ஜூலியட்’ என்ற நாடகத்தில் காதல் பாட்டாகி, பெர்ரி கோமோவின் குரலில் இசைத்தட்டாகப் பரவியது. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் தொடரின் இசையைத் தனி இசைத்தட்டுகளாக வெளியிட்டு, 1950-களின் இறுதியில் ஸ்டீரியோ முறையில் பென்னட்டைக் கொண்டே மீண்டும் பதிவு செய்தது. வட்டு வாங்குவோர் பலருக்கு வரும் ஏமாற்றம் இங்கேதான் பிறக்கிறது: இசைத்தட்டில் அகன்று ஒலித்த கடல், தொடரில் ஒற்றைத் தட ஒலியாக, வெடியோசைக்கு அடியில் அமுங்கிக் கேட்கிறது. தொடரின் மூல ஒலி அப்படிப்பட்டதுதான். அதை ‘மேம்படுத்தி’ ஐந்து ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்துத் தருவது இல்லாத பாடத்தை எழுதிச் சேர்ப்பதற்குச் சமம்.

ஒளிபரப்பு முடிந்ததும் தொடர் பல்வேறு உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மறுஒளிபரப்பானது. 1954-இல் அதையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் படமாகச் சுருக்கி, அலெக்சாண்டர் ஸ்கோர்பியின் குரலில் திரையரங்குக்கும் அனுப்பினர். ஆக, வட்டுக் காலத்துக்கு வெகு முன்னரே இத்தொடருக்கு இரண்டு பாடங்கள் இருந்தன. நிலையங்களுக்கு அனுப்புவதற்குப் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் படிகளே வசதி. இங்கே படிகளின் வம்சாவளியைக் கவனிக்க வேண்டும். போர்க்களத்தில் எடுத்த நெகட்டிவை வெட்ட முடியாது என்பதால் அதிலிருந்து ஒரு படி, அப்படியிலிருந்து நகல் நெகட்டிவ், அதைக் கொண்டு தொகுத்த தொடரின் நெகட்டிவ், அதிலிருந்து நிலையங்களுக்கான சிறிய படி, அதிலிருந்து வீடியோ நாடா, நாடாவிலிருந்து வட்டு என்று தலைமுறைகள் கீழிறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் கூர்மை சற்றுக் குறைந்து கருப்பும் வெளுப்பும் முரட்டுத்தனமாக மோதிக்கொள்ளும். ஏடு பெயர்த்தெழுதுவோர் கைமாறக் கைமாற எழுத்து திரிவதைப் போன்றதே இது. நள்ளிரவுக் கடலில் ஓடும் கப்பல் ஒரு வட்டில் சாம்பல் நிறத்தில் தெரிவதும், இன்னொரு வட்டில் கரிய திரையில் கரைந்துபோவதும், அவை வெவ்வேறு தலைமுறைப் படிகளிலிருந்து பிறந்தவை என்பதற்குச் சான்று.

கேசட் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வி.எச்.எஸ். நாடா தரக்கூடிய நுணுக்கம் ஏறத்தாழ 240 கோடுகள் மட்டுமே. மூலத்தில் இருந்த குறைகளை அதன் மங்கலே மூடிவிட்டது. விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படச்சுருளை, விநாடிக்கு 30 சட்டகங்கள் காட்டும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு மாற்றும் டெலிசினி என்ற முறை மட்டும் விளக்கத்துக்குரியது. நான்கு படச் சட்டகங்களை ஐந்து வீடியோ சட்டகங்களாகப் பங்கிட வேண்டியிருப்பதால், அந்த ஐந்தில் இரண்டு, அடுத்தடுத்த இரு படங்களின் கலவையாக அமைந்துவிடும். ஓடும்போது கண் இதை உணராது. நிறுத்தினால் பீரங்கியின் முனை இரண்டாகப் பிளந்து சீப்பின் பல்போல் நிற்கும்.

டிவிடியில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அதை விரிவாகப் பார்ப்பது தகும். டிவிடி படத்தைச் சுருக்கி வைக்கும் எம்பெக்-2 என்ற முறையின் அடிப்படை, ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறாத பகுதியை மீண்டும் எழுதாமல், மாறியதை மட்டும் குறித்துக்கொள்வதாகும். செய்தி வாசிப்பவரின் முகம் அசைந்தாலும் பின்சுவர் அசையாது என்பதால் அங்கே சிக்கனம் பெரிது. கடலிலோ மாறாத பகுதி என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் அலையும் நகர்கிறது, நகரும்போதே உருமாறுகிறது. அதன் மேல் புகை, குண்டு விழுந்து எழும் நீர்த்தூண், பழைய சுருளுக்கே உரிய துகள் நடுக்கம். சுருக்கும் கருவிக்கு இதைவிடக் கடினமான பாடம் கொடுப்பது அரிது. எழுதுவதற்கு இடம் போதாதபோது அது படத்தைச் சிறு சிறு கட்டங்களாக உடைத்துச் சராசரி நிறத்தால் நிரப்பிவிடும்; அலை, தரை ஓடு பதித்த முற்றம்போல் தெரியும். இடக்கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். டிவிடியில் படத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் விநாடிக்கு 9.8 மெகாபிட்; இரண்டு அடுக்குள்ள வட்டின் கொள்ளளவு 8.5 ஜிகாபைட், உச்ச வேகத்தில் எழுதினால் ஒரு வட்டில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே அடங்கும். தொடரின் நீளம் ஏறத்தாழ 11 மணி 15 நிமிடம். அதற்கு ஆறு வட்டு வேண்டும். 13 பகுதிகளை ஒரே வட்டில் அடைத்துவிட்டால், ஒவ்வொரு விநாடிக்கும் கிடைப்பது உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்கு. மலிவுப் பதிப்புகளில் கடல் கட்டம் கட்டமாக உடைவதற்கு, மூலப் படியின் பழுதைவிட இந்தச் சிக்கனமே பல சமயம் பொறுப்பு.

சுத்தம் செய்வதிலும் ஆபத்து உண்டு. தூசியையும் கீறலையும் தானாகவே நீக்கும் மென்பொருள், ஒரு சட்டகத்தில் தோன்றி அடுத்ததில் காணாமற்போகும் புள்ளி எதுவானாலும் அதை அழுக்கு என்றே கருதும். விமான எதிர்ப்புப் பீரங்கியிலிருந்து ஒளிக்கோடாகப் பறக்கும் குண்டும், தொடுவானில் எள்ளளவாகத் தெரியும் விமானமும் அதன் கண்ணில் தூசிதான். கவனிப்பார் இன்றி அதை ஓடவிட்டால், மாலுமிகள் வெறும் வானத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும் விநோதக் காட்சி மிஞ்சும்.

ஒரே தொடர் இத்தனை தரத்தில் சந்தைக்கு வருவதற்கு உரிமைச் சட்டமும் ஒரு காரணம். அமெரிக்க அரசு ஊழியர் பணிநிமித்தம் எடுத்த படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. கடற்படைச் சுருள் எல்லாருக்கும் சொந்தம். தனியார் படைப்புக்கு அன்றைய சட்டம் முதலில் அளித்தது 28 ஆண்டு உரிமை. அது முடியும்போது விண்ணப்பித்துப் புதுப்பிக்காத படைப்பு பொதுச்சொத்தாகிவிடும். 1950-களின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல அவ்வாறு கைவிடப்பட்டன. படத்தின் உரிமை போனாலும் இசையின் உரிமை தனியே நிற்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ என்ற 1946-ஆம் ஆண்டுத் திரைப்படம் புதுப்பிக்கப்படாமல் பொதுவுக்கு வந்து, பின்னர் 1990-களில் கதை உரிமையையும் இசை உரிமையையும் பிடித்து மீண்டும் தனியுடைமைக்குள் இழுக்கப்பட்டது. யாரும் வெளியிடலாம் என்ற நிலையில் ஒரு படைப்பு பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் நல்ல படியைத் தேடிப் பணம் போட எவருக்கும் ஊக்கம் இருப்பதில்லை.

வீட்டுப் பதிப்பு கொண்டுவந்த மிகப் பெரிய மாற்றம், பார்ப்பவர் கையில் நிறுத்தும் பொத்தானைக் கொடுத்ததே. 1952-இல் தொடரைக் கண்டவருக்கு ஒரு காட்சி வந்தது, போனது. திரும்பிப் பார்க்க வழியில்லை. தொகுப்பின் ஓட்டமும் இசையின் இழுப்பும் அந்த ஒற்றைப் பார்வைக்காகவே அமைந்தவை. வட்டில் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்க்கும்போது தையல்கள் தெரியத் தொடங்குகின்றன. ஒரே கப்பல் பல போர்முனைகளில் தலைகாட்டுவதும், புறப்பட்ட விமானம் ஒரு வகையாகவும் குண்டு போடும் விமானம் வேறு வகையாகவும் இருப்பதும் இவ்வகைத் தொகுப்புப் படங்களுக்குப் பொதுவான நோய்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலைச் சொல்லும் 2-வது பகுதியைப் பார்ப்பவர் இங்கே கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். 1941 டிசம்பர் 7 காலையில் உண்மையில் எடுக்கப்பட்ட படம் மிகக் கொஞ்சம். அரிசோனா போர்க்கப்பல் வெடித்த கணம்கூட, சோலஸ் என்ற மருத்துவக் கப்பலில் இருந்த மருத்துவர் ஒருவரின் கேமராவில் விழுந்த சில விநாடிகளால்தான் இன்று காணக்கிடைக்கிறது. இப்பற்றாக்குறையை நிரப்பியது, திரைப்பட இயக்குநர் ஜான் ஃபோர்டின் போர்ப் படப்பிடிப்புப் பிரிவில் பணியாற்றிய ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டு எடுத்த ‘டிசம்பர் 7’ என்ற படம். மாதிரிக் கப்பல்களைக் கொண்டும், நடிக்க வைத்தும் அவர் தாக்குதலை மீண்டும் உருவாக்கினார். அதன் சுருக்கிய வடிவம் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. போருக்குப் பின் வந்த ஆவணப்படங்கள் பல அக்காட்சிகளை நிகழ்ந்தவையாகவே எடுத்தாண்டதால், இடைச்செருகலே மூலப்பாடமாகிவிட்டது.

இதற்கு நேர்மாறானது பார்ஹம் காட்சி. 1941 நவம்பர் 25 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோக்களுக்கு இரையான அந்தப் பிரிட்டிஷ் போர்க்கப்பல், பக்கவாட்டில் சாய்ந்து, மாலுமிகள் அதன் அடிப்பகுதியின் மேல் எறும்புகள்போல் ஊர்ந்து செல்கையில், வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி ஒரு கணத்தில் சிதறுகிறது. அருகில் சென்ற வேலியன்ட் கப்பலிலிருந்து செய்திப்பட ஒளிப்பதிவாளர் ஒருவர் அதை முழுவதும் படம் பிடித்தார். 860-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பிரிட்டன் அச்செய்தியை இரண்டு மாதம் வெளியிடவில்லை. ஒவ்வொரு சட்டகமும் உண்மையான இக்காட்சி, பிற்காலத் திரைப்படங்களிலும் ஆவணப்படங்களிலும் வேறு வேறு கப்பல்களின் சாவாகப் பெயர் மாற்றிக் காட்டப்பட்டிருக்கிறது. பொய்க்காட்சி மெய்யாகச் செல்வதைவிட, மெய்க்காட்சி தன் பெயரை இழப்பது பெரிய அநீதி என்றே சொல்லத் தோன்றுகிறது.

வண்ணம் பற்றிய வாதமும் மூலத்தைத் தேடுவதோடு சேர்ந்ததே. மிட்வே தீவுப் போரை ஃபோர்டு எடுத்ததும், தராவா தீவில் மரைன் படை வீரர் இறங்கியதை எடுத்ததும் 16 மில்லிமீட்டர் வண்ணச் சுருளில். வண்ணத் தொலைக்காட்சி பரவாத 1952-இல் தொடர் முழுவதும் கருப்பு வெள்ளையாக அமைந்தது இயல்பு. இன்று வண்ண மூலம் தனியே கிடைக்கும் இடங்களில் அதை எடுத்துத் தொடரில் பதிய வைத்தால் என்ன என்று கேட்போர் உண்டு. வைத்தால் அது சாலமனின் தொடராக இராது. இணைப்பாகத் தரலாம், மூலத்துக்குள் நுழைக்கக் கூடாது.

இவ்வெல்லை மீறப்பட்டதற்கு எடுத்துக்காட்டு பக்கத்திலேயே இருக்கிறது. ஜெரமி ஐசக்ஸ் தயாரிப்பில் 1973-74-இல் தேம்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘தி வேர்ல்டு அட் வார்’, அதே 26 பகுதி அளவில், ஆனால் ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் உள்ளிட்ட பலரை நேரில் பேசவைத்து, சாலமனின் வெற்றிப் பாட்டுக்கு மறுமொழிபோல் அமைந்த தொடர். 2010-இல் அது பெரும் உழைப்போடு மீட்டெடுக்கப்பட்டு புளூ-ரே வட்டாக வந்தபோது, கீறலும் கறையும் நீங்கியிருந்தன. கூடவே, நான்குக்கு மூன்று என்ற பழைய திரை வடிவம் அகலத்திரைக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டப்பட்டிருந்தது. அகலம் மாறாமல் உயரத்தைக் குறைத்தால் படத்தில் கால் பங்கு போய்விடும். துடைத்த கையே வெட்டவும் செய்தது.

தமிழர் இத்தொடரைப் பார்க்கையில் 24-வது பகுதியில் சற்று நிற்பர். சீனம், பர்மா, இந்தியா, இந்தியப் பெருங்கடல் ஆகிய நான்கும் அந்த ஒற்றை அரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. தலைப்பும் கிப்ளிங்கின் கவிதையை நினைவூட்டும் ‘மாண்டலே சாலை’. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும் 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டதும், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியதும், அதே மாதம் சென்னை மக்கள் ஊரைக் காலி செய்ததும், பர்மாவிலிருந்து தமிழர் கூட்டங்கூட்டமாகக் கால்நடையாக மலை கடந்ததும் ஓர் அரை மணியில் எவ்வளவு இடம் பெறும் என்பது சொல்லாமலே விளங்கும். கப்பலும் கேமராவும் சேர்ந்து போன இடமே இத்தொடரின் கடல். நடந்து வந்தவர்களின் பக்கத்தில் கேமரா இல்லை.

செம்பதிப்பு என்று ஒன்று வருமானால் அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் கணிப்பது கடினமன்று. கிடைக்கும் மிகப் பழைய 35 மில்லிமீட்டர் படியிலிருந்து எடுத்த, திரை வடிவம் சிதையாத படம்; ஒற்றைத் தட மூல ஒலி; 1954-இன் சுருக்கப் படம் தனியே; எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் காட்சி எந்த நாட்டுச் சுருளிலிருந்து, எந்த நாளில், எந்தக் கப்பலில் எடுத்தது, எது நடிப்பு என்பதைக் காட்சிக்குக் காட்சி சொல்லும் அடிக்குறிப்பு. இவற்றில் கடைசியானதுதான் செலவு மிக்கது. எல்லாக் காட்சிக்கும் அதை எழுதி முடிக்கவும் இயலாது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சுருள்களில் ஒரு பகுதி இன்று இல்லாததால். அக்காலத்து 35 மில்லிமீட்டர் படச்சுருள் நைட்ரேட் என்ற எளிதில் தீப்பிடிக்கும் பொருளாலானது. மேரிலாந்து மாநிலம் சூட்லண்டில் அமெரிக்கத் தேசியக் காப்பகத்தின் கிடங்கில் வைத்திருந்த யுனிவர்சல் நிறுவனச் செய்திப்படச் சுருள்களில் 1.26 கோடி அடி, 1978-இல் தீயில் அழிந்தது. அன்றும் டிசம்பர் 7. எரிந்தவை பெரும்பாலும், செய்திப்படம் தொகுத்தவர்கள் வேண்டாம் என்று வெட்டி ஒதுக்கிய காட்சிகள். வெட்டிச் சேர்த்தவை வேறு படிகளில் பிழைத்துக்கொண்டன.